குற்றவாளிக் கூண்டிலிருந்து நீதிபதி இருக்கைக்கு: தூக்குத் தண்டனையும் திருச்சபையின் பழைய கணக்கும்

2023 ஜூலை 4 முதல் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை கிடையாது. கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு என்ற ஒரே வழி இப்போது இல்லை. 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியும் போதுமா என்று நீதிபதி எண்ணிப் பார்க்க இடமுண்டு. போதைப்பொருள் கடத்தலுக்கும் தூக்குக்கு மாற்றாகச் சிறையும் பிரம்படியும் வந்துவிட்டன. ஏற்கெனவே தூக்குக்கோ சாகும்வரை சிறைக்கோ தீர்ப்பானவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அதன்படி மனுச் செய்யத் தகுதி பெற்றார்கள்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இந்தச் சட்டம் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. லயங்களை விட்டுத் தாமான்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் யாரோ ஒருவரின் அண்ணன் உள்ளே இருக்கிறான். யாரோ ஒருவரின் மகன் கொலையுண்டிருக்கிறான். இரண்டு குடும்பங்களும் ஒரே சந்தையில் மீன் வாங்குகின்றன, சில வேளைகளில் ஒரே கோயிலில் திருப்பலி காண்கின்றன. அங்கே பாதிரியார் மறையுரையில் மரண தண்டனை தவறு என்று சொல்லும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன.

1. "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்று பைபிளே சொல்லும்போது இவர்கள் எப்படி இதை எதிர்க்கிறார்கள்?
2. ஒரு காலத்தில் மனிதர்களை உயிரோடு எரிக்கக் காரணமாக இருந்த திருச்சபைக்கு இதைப் பேச என்ன தகுதி?
3. தங்கள் ஆள் தவறு செய்தால் மட்டும் ஏன் மூடி மறைக்கிறார்கள்?

மூன்றும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை இறையியலில் பாதி, வரலாற்றில் பாதி இருக்கிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது வரலாற்றுப் பாதியை. நான் கண்ட முடிவு இது: குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்றபோதெல்லாம் கிறிஸ்தவம் நீதிக்கு நல்ல விதிகளைத் தந்தது. அரசின் வாளைத் தன் கையில் எடுத்தபோதும், அந்த வாளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தபோதும், அதே விதிகளைத் தானே மீறியது.

தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

நம்பிக்கைக்காக ஒரு கூட்டத்தை அரசோ கும்பலோ வதைப்பதைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் நூல்கள் வேதகலாபனை என்று குறிப்பிட்டன. இன்று துன்புறுத்தல் என்கிறோம். அதில் உயிர்விட்டவர் மறைசாட்சி. திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கையை விடாமல் பிடித்துக்கொள்வது பதிதம். அந்தப் பதிதத்தைத் தேடிக் கண்டுபிடித்து விசாரிக்க அமைந்த சமய நீதிமன்றம்தான் இன்குவிசிஷன். திருச்சபை தன் உறுப்பினர்களுக்கென எழுதிக்கொண்ட சட்டம் திருச்சபைச் சட்டம். நாட்டின் குற்றவியல் சட்டம் வேறு, இது வேறு. இந்த இரண்டும் எங்கே மோதுகின்றன என்பது கடைசிப் பகுதியில் முக்கியமாக வரும்.

பெயரே குற்றமாக இருந்த காலம்

கிறிஸ்தவத்தின் தொடக்கமே ஒரு குற்றவியல் வழக்கு. யூதேயாவின் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் தீர்ப்பின்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டார். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று ரோமர்கள் ஒதுக்கி வைத்திருந்த தண்டனை அது. உலகெங்கும் கோயில் கோபுரத்தில் நிற்கும் அந்த அடையாளம் ஒரு கொலைக்கருவி என்பதை நாம் பழக்கத்தால் மறந்துவிடுகிறோம்.

அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களை எப்படி விசாரித்தது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர் என்ற பெயருக்காகவே தண்டிப்பதா, அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்களுக்காகத் தண்டிப்பதா என்பது அவருடைய சந்தேகம். சபையில் பணியாற்றிய இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்தும் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வந்தது. அப்படியிருந்தும், மூன்று முறை கேட்டும் மறுதலிக்காதவர்களை அவர் கொல்ல அனுப்பினார்.

டிராஜனின் பதிலில் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. பெயர் போடாத மொட்டைக் கடிதங்களை வைத்து யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்றார் அவர். துன்புறுத்திய அரசரின் வாயிலிருந்து வந்த இந்த விதியைப் பிற்காலத்துச் சமய நீதிமன்றங்கள் காப்பாற்றவில்லை.

2ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இந்த விசாரணை முறையின் முரணைப் பிடித்துக் காட்டினார். மற்றக் குற்றவாளிகள் மறுக்கும்போது, ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கிறீர்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளும்போது, மறுக்கச் சொல்லி வதைக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வதையால் உண்மை வராது, வதைப்பவனுக்கு வேண்டியதுதான் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

250ஆம் ஆண்டளவில் பேரரசர் டேசியுஸ் ஆணையின்படி குடிமக்கள் எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. எகிப்தின் வறண்ட மணல் அவற்றில் சிலவற்றை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. பாப்பிரஸ் தாளில் எழுதிய சின்ன மனு அது. மனுதாரரின் பெயர், ஊர், வயது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானம் வார்த்தேன், பலியிட்டேன், பலிப்பொருளை உண்டேன், இதற்குச் சான்று தருமாறு வேண்டுகிறேன் என்ற வாசகம். கீழே அதிகாரிகளின் கையெழுத்து. இந்தத் தாள் கையில் இல்லாதவரின் நிலை என்ன என்று ஓர் ஏழைக் குடியானவனின் இடத்திலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களை மறுபடி சேர்த்துக்கொள்வதா என்று சபைக்குள் நடந்த சண்டை பல ஆண்டு நீடித்தது.

வாள் கைமாறியபோது

313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் கிறிஸ்தவத்துக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள். 380இல் பேரரசர் தியோடோசியுஸ் அதை அரசின் சமயமாக்கினார். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நடந்துவிட்ட மாற்றம் இது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர் டயோக்கிளேசியன் காலத்து வதையைச் சிறுவனாகக் கண்ட ஒருவர், முதுமையில் தன் ஆயர் அரசரோடு அமர்ந்து உண்பதைப் பார்த்திருக்க முடியும்.

சட்டத்தில் இரண்டு வகை விளைவும் தெரிந்தது. கைதிகளை இருட்டில் அடைக்காமல் பகல் வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும் என்று கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். மனித முகத்தில் சூடு போடுவதையும் தடுத்தார். அதே அரசர், பெண் கடத்தலுக்கு உடந்தையான தாதியின் தொண்டையில் உருக்கிய ஈயத்தை ஊற்றச் சொன்ன சட்டத்தையும் பிறப்பித்தார். அரசர் ஞானஸ்நானத்தை நாடியதால் தண்டனை தானாக மென்மையாகிவிடவில்லை.

385ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன், சூனியக் குற்றச்சாட்டின் பேரில் டிரியர் நகரில் தலை வெட்டப்பட்டார். சக ஆயர்கள் கொண்டுபோன புகார்தான் அது. பதிதம் சாட்டப்பட்ட ஒருவரைக் கிறிஸ்தவ அரசே கொன்ற முதல் வழக்கு இது என்பார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது எதிர்ப்புக் குரல்கள். தூர் நகர ஆயர் மார்ட்டின் உயிரைக் காக்கும்படி அரசனிடம் மன்றாடினார். மிலான் ஆயர் அம்புரோஸ், புகார் சொன்ன ஆயர்களோடு உறவாட மறுத்தார். அந்தக் காலத்து வழக்கமே அப்படித்தான் என்று இன்று சமாதானம் சொல்பவர்களுக்கு இந்த இருவரும் பதில்.

ஆயர் அகுஸ்தீனின் கதை இன்னும் சிக்கலானது. வட ஆப்பிரிக்காவில் எதிர்ப் பிரிவினர் ஒரு பாதிரியாரைக் கொன்று, இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கியிருந்தார்கள். விசாரித்த அதிகாரிக்கு அகுஸ்தீன் எழுதிய கடிதத்தில், அவர்களைக் கொல்லாதீர்கள், உறுப்பையும் சிதைக்காதீர்கள், பயனுள்ள வேலையில் ஈடுபடுத்துங்கள் என்று கெஞ்சினார். தன் சொந்த ஆட்களைக் கொன்றவர்களுக்காக வந்த மன்றாட்டு அது. ஆனால் அதே அகுஸ்தீன், பிரிந்து போனவர்களை அரசின் பலத்தால் சபைக்குள் கொண்டுவரலாம் என்றும் வாதிட்டார். விருந்துக்கு ஆட்களை "வற்புறுத்திக் கூட்டிவா" என்ற லூக்கா நற்செய்தி வரியை அதற்குத் துணையாக்கினார். கருணைக் கடிதத்தைப் பின்வந்தவர்கள் பெரும்பாலும் மறந்தார்கள். வற்புறுத்தல் வாதத்தை ஆயிரம் ஆண்டு மேற்கோள் காட்டினார்கள்.

காய்ச்சிய இரும்பிலிருந்து சாட்சியத்துக்கு

இன்று நம் நீதிமன்றத்தில் குற்றத்தை அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும், மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் செல்லாது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்த எண்ணங்கள் வந்த வழியில் திருச்சபைச் சட்டத்துக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

நடுக்கால ஐரோப்பாவில் சாட்சி இல்லாத வழக்கைத் தெய்வத்திடம் விட்டார்கள். பாதிரியார் இரும்புத் துண்டை மந்திரித்துக் கொடுப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய அந்த இரும்பை வெறுங்கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். பிறகு கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கும்போது புண் ஆறி வந்தால் அவர் நிரபராதி. சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. தீக்குளித்துக் கற்பை மெய்ப்பிக்கச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத வழக்கமில்லை.

1215இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், குருக்கள் இந்தச் சடங்கை ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடை போட்டது. ஆசீர்வாதம் இல்லாமல் போனதும் சடங்குக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. அதன் விளைவுகள் இரண்டு திசையில் பிரிந்தன.

1. இங்கிலாந்தில், ஊர்க்காரர்கள் பன்னிருவரைக் கூட்டி முடிவு கேட்கும் ஜூரி முறை அந்த இடத்தைப் பிடித்தது.
2. ஐரோப்பாவின் மற்றப் பெரும்பகுதியில், கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகளோ குற்றவாளியின் ஒப்புதலோ இருந்தால்தான் பெருந்தண்டனை என்ற கடுமையான விதி வந்தது. கேட்க நல்ல விதிதான். ஆனால் மறைவில் நடக்கும் குற்றத்துக்கு இரண்டு சாட்சிக்கு எங்கே போவது? எனவே ஒப்புதல் தேவைப்பட்டது, ஒப்புதலுக்காக வதை நுழைந்தது.

1252இல் போப் நான்காம் இன்னசென்ட், உறுப்பு முறியாமலும் உயிர் போகாமலும் பதிதர்களை வதைக்க அனுமதி கொடுத்தார். 866இல் போப் முதலாம் நிக்கலாஸ் பல்கேரியருக்கு எழுதிய பதிலில், ஒப்புதல் தானாக வர வேண்டும், வதைத்து வாங்குவது தெய்வச் சட்டத்துக்கும் மனிதச் சட்டத்துக்கும் விரோதம் என்று எழுதியிருந்தார். கிட்டத்தட்ட நானூறு ஆண்டுக்கு முன்பே சரியான விடை கையில் இருந்தது என்பதுதான் இதில் மனத்தை அறுக்கும் செய்தி.

அதே மரபில் இன்னொரு முத்தும் கிடைக்கிறது. 1313இல் இறந்த திருச்சபைச் சட்ட அறிஞர் யோஹன்னஸ் மொனாக்குஸ், குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியாகக் கருதப்பட வேண்டும் என்று எழுதினார். எல்லாம் அறிந்த கடவுளே ஆதாமைத் தண்டிக்கும் முன் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், அப்படியிருக்க எந்தப் போப்பும் அழைப்பாணை இல்லாமல் தீர்ப்பிட முடியாது என்பது இந்த அறிஞர்களின் வாதம். நம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 24 மணி நேரத்துக்குள் கைதியை நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசமைப்பின் 5ஆம் விதி கேட்பதற்கும் இந்த எண்ணத்துக்கும் தூரம் அதிகமில்லை.

மலாக்காவரை நீண்ட கை

இன்குவிசிஷன் என்றால் ஸ்பெயின் என்று நினைக்கிறோம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். கோவாவில் 1560இல் தொடங்கி, இடையில் சில ஆண்டு நின்று, 1812வரை நடந்த இன்குவிசிஷனின் அதிகாரம் கிழக்கில் போர்த்துகீசியர் ஆண்ட இடமெல்லாம் செல்லுபடியானது. மலாக்காவும் அதில் அடக்கம். அந்த மன்றத்தை அமைக்கும்படி கேட்டு 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து போர்த்துகல் அரசருக்குக் கடிதம் எழுதியவர் பிரான்சிஸ் சேவியர். முத்துக்குளித்துறைப் பரதவர்களின் தந்தையாக நம் மக்கள் போற்றும் அதே சவேரியார்தான். அவரை மதிப்பவர்கள் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

கோவா மன்றம் பெரும்பாலும் குறிவைத்தது மதம் மாறியவர்களை. யூத மரபிலிருந்து வந்தவர்கள், பழைய இந்து வழக்கங்களை விடாதவர்கள் என்று தேடினார்கள். இந்திய மூலிகைகளைப் பற்றி ஆராய்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568இல் இறந்தார். அவர் இரகசியமாக யூத நெறியைப் பின்பற்றினார் என்று பின்னர் தீர்ப்பாகி, 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

விசாரணை முறையின் மையத்தில் இருந்தது இரகசியம். சாட்சியின் பெயரைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்ல மாட்டார்கள். அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு, தன்மேல் பகை உள்ளவர்களின் பட்டியலைக் கொடுப்பது. சாட்சி அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிடலாம். தனக்குத் தெரியாத பகைவன் யாரென்று எண்ணி எண்ணி ஒரு மனிதன் இருட்டறையில் பெயர் எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

1641இல் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் நிலைமை தலைகீழானது. இப்போது தடை செய்யப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் மறைந்து வழிபட்டார்கள். 1710இல் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் எழும்பும்வரை அந்த ஊரில் அவர்களுக்கு வெளிப்படையான கோயில் இல்லை. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர்களும் கிறிஸ்தவர்களே.

கோவாவில் மன்றம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழ் மண்ணில் இரண்டு மறைசாட்சிகள் விழுந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதியின் ஆணையால் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் இயேசு சபைக் குரு அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றி 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அரசின் கண்ணில் அவர்கள் குற்றவாளிகள், மக்களின் நினைவில் மறைசாட்சிகள். ஓரியூரில் நடந்ததைக் கொடுமை என்று சொல்லும் வாய், கோவாவில் நடந்ததையும் கொடுமை என்று சொல்லியாக வேண்டும்.

மனம் மாறியது எப்படி

கத்தோலிக்கர் மட்டும் எரித்தார்கள் என்பதும் சரியில்லை. 1553இல் ஜெனீவாவில் பதிதம் சாட்டப்பட்ட மிகுவேல் செர்வெட்டுஸ் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையினரின் தீர்ப்பால் எரிக்கப்பட்டார். ஒரு மனிதனைக் கொல்வதால் கொள்கை காக்கப்படுவதில்லை, மனிதன்தான் கொல்லப்படுகிறான் என்ற பொருளில் அடுத்த ஆண்டே எழுதினார் செபஸ்தியன் கஸ்தெல்லியோ. சூனிய வழக்குகளில் ஐரோப்பா முழுதும் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்; பெரும்பாலும் பெண்கள். தண்டனைக் களத்துக்குப் போகிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்ட இயேசு சபைக் குரு ஃபிரீடரிக் ஷ்பே, வதைத்தால் யாரும் சூனியக்காரி ஆவாள் என்று 1631இல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். ஸ்பானிய இன்குவிசிஷன் நீதிபதியான சலசார், பாஸ்க் நாட்டில் ஊர் ஊராகச் சென்று வாக்குமூலங்களை ஒப்பிட்டுப் பார்த்து ஆதாரம் ஒன்றுமில்லை என்று அறிக்கை கொடுத்தார். 1614இல் மன்றம் அதை ஏற்று அங்கே சூனிய வேட்டையைக் கட்டுப்படுத்தியது. ஆக, உள்ளிருந்தே மறுத்தவர்களால்தான் மாற்றம் வந்தது.

மரண தண்டனையில் மாற்றம் மிக மெதுவாக வந்தது. போப்பின் அரசில் ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி என்ற ஒரே தண்டனையாளர் 1796 முதல் 1864 வரை 516 பேரைக் கொன்றார். வத்திக்கான் நகரச் சட்டத்திலிருந்து மரண தண்டனை நீக்கப்பட்டது 1969இல். எந்தச் சூழலிலும் அது ஏற்கத் தக்கதல்ல என்று போப் பிரான்சிஸ், திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலைத் திருத்தியது 2018இல்.

இனி முதல் கேள்விக்கு விடை சொல்லலாம்.

1. "கண்ணுக்குக் கண்" என்ற விதி பழிவாங்கலுக்கு எல்லை போட வந்தது. ஒரு கண்ணுக்குப் பதிலாக ஒரு குடும்பத்தையே அழிக்காதே என்பது அதன் அன்றைய பொருள்.
2. மத்தேயு 5இல் இயேசு அந்த வரியை எடுத்துச் சொல்லி அதைத் தாண்டிப் போகிறார். கல்லெறிய இழுத்து வரப்பட்ட பெண்ணின் வழக்கில், தண்டிக்க நிற்பவர்களின் தகுதியைக் கேட்கிறார்.
3. ரோமையர் 13இல் பவுல், அரசு வாளை வீணாக ஏந்தவில்லை என்கிறார். தூக்கை ஆதரித்த கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக நின்றது இந்த வரியில்தான்; இன்றும் சில சபைகள் நிற்கின்றன. எனவே எல்லாக் கிறிஸ்தவரும் ஒரே கருத்து உடையவர்கள் என்று எண்ண வேண்டாம்.
4. கத்தோலிக்கத் திருச்சபை சொல்லும் காரணம், மனித மாண்பு குற்றத்தால் அழிவதில்லை என்பதும், சிறையால் சமூகத்தைக் காக்க இன்று வழி உண்டு என்பதும். கொலையுண்டவரின் தாய்க்கு இது போதுமான ஆறுதலா என்ற கேள்விக்கு அந்தக் காரணங்கள் விடை தரவில்லை. அவரோடு உட்கார்ந்திருக்க யாரும் போகாமல் தூக்குமேடையைப் பற்றி மட்டும் மறையுரை நிகழ்த்தும் பங்கு, பாதி வேலையைத்தான் செய்கிறது.

தோட்டத்தில் குற்றம் எது

1833இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கச் சட்டம் வந்ததில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் வில்பர்ஃபோர்ஸ் போன்ற கிறிஸ்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அடிமைகள் போன இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். நம் முன்னோர் அந்த வரிசையில் வந்தவர்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடிய கூலிக்குக் கிடைத்தது சிறை. கூலியை ஏமாற்றிய முதலாளிக்கு அந்த வேகத்தில் சட்டம் பாயவில்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1910இல் நின்றது. அந்த முறையை முழுதாக ஒழிக்கப் போராடியவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் குருவான சார்லஸ் ஃபிரீர் ஆண்ட்ரூஸ். 1915இல் ஃபிஜித் தோட்டங்களை நேரில் கண்டு வந்து உலகுக்குச் சொன்னார்.

சுங்கை சிப்புட்டின் பெயர் நாட்டின் சட்ட வரலாற்றில் நிலைத்தது 1948 ஜூன் 16 அன்று. இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம் அரசுக்கு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதே ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாம் இசா என்று அறிந்த சட்டம். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் அதன் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் உள்ளே போனார்கள். 2012இல் இசா நீங்கி, சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. குண்டர் கும்பல் வழக்குகளில் பிடிபடும் நம் இளைஞர்களின் வீட்டார் நன்கு அறிந்த சட்டம் இது: 28 நாள்வரை தடுப்புக் காவல், மிகச் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை. அதன் 14ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் அடையாளம் காண முடியாதபடி ஒரு சாட்சி சாட்சியம் அளிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

கும்பல்களுக்கு அஞ்சும் சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. இங்கே தண்டிப்பது வெளிப்படையான நீதிமன்றம், மேல்முறையீடு உண்டு. கோவா மன்றத்தோடு இதைச் சமமாக வைப்பது தவறு. ஆனால் சாட்சி யாரென்று தெரியாமல் எதிர்வாதம் செய்வதன் கடினம் அன்றும் இன்றும் ஒன்றே. அந்தக் கடினத்தை மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள், அதை இரண்டு பக்கமும் நின்று அனுபவித்த வரலாறு உடைய கிறிஸ்தவர்கள். சொஸ்மா கைதிகளின் மனைவிமார் தெருவில் நிற்கும்போது பங்குகளின் குரல் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தன் வீட்டுக் குற்றம்

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. அதன் வேர் 12ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. குற்றம் செய்த குருக்களைத் திருச்சபை நீதிமன்றம் மட்டுமே தண்டிக்கலாமா, அரசரும் தண்டிக்கலாமா என்பதில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியும் பேராயர் தாமஸ் பெக்கெட்டும் மோதினார்கள். 1170 டிசம்பர் 29 அன்று பெக்கெட் தன் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய இரத்தத்தால் குருக்களுக்கு அந்தச் சலுகை நிலைத்தது.

பின்னர் அது விந்தையாக வளர்ந்தது. எழுத்தறிந்தவர் எல்லாரும் குருவாகக் கருதப்பட்டு, திருப்பாடல் 51இன் முதல் வரியை வாசித்துக் காட்டினால் தூக்குக்குத் தப்பலாம் என்ற நிலை வந்தது. இரண்டாம் முறை அந்தச் சலுகையைக் கேட்கக் கூடாதென்று கைப்பெருவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தவன் பிழைத்தான், தெரியாதவன் தொங்கினான். 1827இல்தான் இங்கிலாந்து இதை ஒழித்தது.

சட்டத்தில் ஒழிந்த சலுகை பழக்கத்தில் தொடர்ந்தது. சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய குருக்களை ஆயர்கள் போலீஸுக்குச் சொல்லாமல் பங்கு மாற்றி அனுப்பியது 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆதாரத்தோடு வெளியானது. பிறகு நாடு நாடாக வெளியானது. அரசரிடமிருந்து குருவைக் காக்க எழுந்த சுவர், குழந்தையிடமிருந்து நீதியை மறைக்கும் சுவராகிவிட்டது. 2019இல் போப் பிரான்சிஸ் இரண்டு மாற்றங்கள் செய்தார். இத்தகைய புகாரைக் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றார். இந்த வழக்குகளின் கோப்புகளை மூடி வைத்திருந்த திருச்சபை இரகசிய விதியையும் நீக்கினார். பாவசங்கீர்த்தன இரகசியம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

மலேசியாவில் ஒரு பங்கிலோ சபையிலோ இப்படி ஒரு புகார் எழுந்தால் சட்டத்தின் நிலை இதுதான்:

1. 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 5,000 ரிங்கிட்வரை அபராதம். பாதிரியார், போதகர், பங்குப் பேரவைத் தலைவர், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர், தாய் தகப்பன் எல்லாரும் அந்த "எவரும்" என்பதற்குள் அடக்கம்.
2. சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்கும் கணவன் மனைவிக்கும் சில இரகசியக் காப்புகளைத் தருகிறது. குருக்களுக்கென்று அதில் தனிப் பிரிவு இல்லை.
3. ஆயரிடம் புகார் கொடுப்பது போலீஸில் புகார் கொடுத்ததாகாது. முதலாவது திருச்சபைச் சட்டம், இரண்டாவது நாட்டுச் சட்டம். இரண்டையும் செய்யலாம், ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.
4. முதலில் நமக்குள் பேசிக்கொள்வோம், கோயில் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை ஊர்ப் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பின்னால் வழக்கையே பலவீனமாக்கும். புகார் போலீஸ் நிலையத்துக்குப் போன பிறகு கேள்வி கேட்பது, அதற்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் வேலை.